ஏழாவது ஏரி எங்கே?

மனைவி: நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க! இதுதான் மணிக்கூண்டா?

ஓட்டுநர்: இதேதாம்மா. நூத்திப் பத்து அடி உயரம். நாலு பக்கமும் நாலு கடிகாரம். அதுல மேற்குப் பக்கத்துக் கடிகாரம் மட்டும்...

மனைவி: ...மூணு நிமிஷம் முந்தி ஓடும்.

ஓட்டுநர்: அட, படிச்சுட்டே வந்திருக்கீங்களே!

மனைவி: ஏங்க, நான் இன்னும் பெருசா இருக்கும்னு நினைச்சேன்.

கணவர்: நூத்திப் பத்து அடி பத்தலையாக்கும் உனக்கு?

மனைவி: வாயால சொல்றப்ப வானத்தை முட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. நேர்ல பார்த்தா... பக்கத்துச் செருப்புக் கடை மாடி அதைவிட உசரம்.

ஓட்டுநர்: வெளியூர்லேர்ந்து வர்றவங்க எல்லாரும் இதைத்தாம்மா சொல்வாங்க. உங்களுக்கு எந்த ஊரு?

மனைவி: இந்த ஊர்தான்.

ஓட்டுநர்: எந்த ஊரு?

கணவர்: இந்த ஊர்தான் தம்பி. பின்னாடி திரும்பி ரெண்டு சிக்னல் தாண்டினா எங்க வீடு.

ஓட்டுநர்: ரெண்டு சிக்னல்ல வீட்டை வச்சுக்கிட்டு, மணிக்கூண்டைப் பார்க்க நாள் வாடகைக்கு வண்டி பிடிச்சிருக்கீங்களா?

மனைவி: பஸ்ஸுல போறப்ப பார்ப்பேன். ஜன்னல்ல அடிப் பாதிதான் தெரியும். கழுத்தை வளைச்சு மேல் பாதியைப் பார்க்கிறதுக்குள்ள பஸ் திரும்பிடும். இன்னைக்குத்தான் தலையையும் காலையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஓட்டுநர்: லீவு நாள்ல வந்திருக்கலாமேம்மா.

கணவர்: ஊருக்கெல்லாம் லீவுன்னாதான் இவளுக்கு வேலை. ரயிலடியில 'சுற்றுலா விசாரணை'ன்னு ஒரு பலகை தொங்கும், பார்த்திருக்கீங்களா? அந்த ஜன்னலுக்கு உள்ளே முப்பத்தோரு வருஷம். போன் ஒரு காதுல, ஆள் ஒரு காதுல.

ஓட்டுநர்: அந்த ஜன்னலா! பச்சைத் தாள் குடுப்பாங்களே... மடிச்சு மடிச்சு...

மனைவி: நாலு மடிப்பு.

ஓட்டுநர்: அம்மா, அதை மனப்பாடம் பண்ணித்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்! பதினஞ்சு வருஷமா அதுதான் எனக்குச் சோறு. எந்தப் புண்ணியவான் எழுதினானோன்னு நினைச்சுக்குவேன்.

கணவர்: புண்ணியவதி பின் சீட்டுல உட்கார்ந்திருக்கா. நீங்க ரோட்டைப் பாருங்க.

ஓட்டுநர்: நீங்களா! நீங்களாம்மா எழுதினீங்க?

மனைவி: நான்தான். நூத்தி நாப்பது வரி. ஒவ்வொண்ணும் ஃபைலைப் புரட்டி, அளவெடுத்தவங்களைக் கேட்டு எழுதினது. அடிச்சுச் சொல்வேன். ஒரே ஒரு வரியைத் தவிர.

கணவர்: ஆரம்பிச்சுட்டா...

ஓட்டுநர்: எந்த வரிம்மா?

மனைவி: மலைமேல நின்னா ஏழு ஏரி தெரியும்ங்கிறது.

ஓட்டுநர்: அதுல என்னம்மா சந்தேகம்? ஏழுதான்! என் வண்டிக்குப் பின்னாடியே பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன், 'ஏழு ஏரி காண ஏறுங்கள்'னு. ஏறும்போது பார்க்கலையா?

மனைவி: பார்த்தேன். அதான் உங்க வண்டியைப் பிடிச்சேன்.

ஓட்டுநர்: எனக்குப் புரியலையே.

மனைவி: புதுசா ஒரு அதிகாரி வந்திருக்கார். சின்ன வயசு, தங்கமான பிள்ளை. மலை உச்சியில ஒரு கல் நடப் போறாங்க. எத்தனை படி, எவ்வளவு உயரம், எத்தனை ஏரி... எல்லாம் அதுல வெட்டணும். ஃபைலை என் முன்னாடி விரிச்சு வச்சுக்கிட்டு, "ஏழுன்னு எண்ணினது யாரும்மா?"ன்னார்.

ஓட்டுநர்: யாரு?

மனைவி: என் கையெழுத்துலதான் இருக்கு. 'பயணி ஒருவர் தொலைபேசியில் தெரிவித்தது.' பேர் இல்லை. சரிபார்த்தது யாருங்கிற இடம் வெறும் கோடு. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை திட்டலை. ஃபைலை மெதுவா மூடினார். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

கணவர்: அன்னைக்குச் சாயங்காலம் சோத்துல கையை வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா தம்பி.

மனைவி: இந்த மாசக் கடைசியோட எனக்கு வேலை முடியுது. இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் தப்பாச் சொல்லி அனுப்பினதில்லைன்னுதான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கேன். தாளுன்னா கசக்கிப் போட்டுடலாம். கல்லுல வெட்டினா? நான் போன பிறகும் பொய் சொல்லிக்கிட்டு நிக்குமே. "நானே போய் எண்ணிட்டு வந்து சொல்றேன் சார்"னு சொல்லிட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கல் வெட்டுறவர் உளியை எடுத்துடுவார். அதுக்குள்ள போன் பண்ணணும்.

கணவர்: வானம் வேற மூட்டமா இருக்கே... இன்னொரு நாள் வச்சுக்கலாமா?

மனைவி: எங்கங்க மூட்டம்? கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க.

கணவர்: முட்டி வேற காலையிலேர்ந்து...

மனைவி: இருபத்தேழு வருஷமா மலைன்னா உங்களுக்கு முட்டி வலிக்குது. கடைவீதின்னா வலிக்காது.

ஓட்டுநர்: ஏழுதாம்மா. கவலையே படாதீங்க. மலையடிவாரத்துல விடுதிக்கே 'ஏழு ஏரி விடுதி'ன்னு பேர் வச்சிருக்கான். பொய்யின்னா வைப்பானா?

மனைவி: அவன் எதைப் பார்த்து வச்சான்?

ஓட்டுநர்: தெரியலை... தாளைப் பார்த்துத்தான் வச்சிருப்பான்.

மனைவி: அதான் பயமா இருக்கு.

ஓட்டுநர்: இந்தா, வந்தாச்சு. இதுக்கு மேல வண்டி போகாது. நானூத்திப் பன்னிரண்டு படி. நீங்க ஏறிட்டு வாங்க, நான் வண்டியில இருக்கேன்.

மனைவி: நீங்களும் வாங்க தம்பி. எந்த ஏரி எங்க இருக்குன்னு காட்ட ஆள் வேணாமா?

ஓட்டுநர்: வண்டியை யாரு பார்த்துக்கிறது...

கணவர்: வண்டி எங்கயும் ஏறி ஓடிடாது. வாங்க. ஒரு துணைக்கு ரெண்டு துணையா இருக்கட்டும்.

ஓட்டுநர்: சரி... வர்றேன். மேல போனா டீ குடிக்கலாம். நல்ல கடை ஒண்ணு இருக்கு.

மனைவி: மேல கடை இருக்கா? தாள்ல இல்லையே.

ஓட்டுநர்: இருக்கும்மா... இருக்கும்.

கணவர்: ஐம்பதாம் படி. நம்பர் போட்டு வச்சிருக்கான் மகராசன். பார்க்கப் பார்க்கத்தான் கால் வலிக்குது.

ஓட்டுநர்: சார்... அம்மாவை எப்படிப் பிடிச்சீங்க? வீட்டுல பார்த்ததா?

கணவர்: வீட்டுல பார்த்திருந்தா இந்த அளவுக்கு விவரமான ஆளைக் கட்டி வச்சிருப்பாங்களா? அப்போ நான் ரயிலடிக்கு எதிர்ல மின்விசிறிக் கடையில வேலை பார்த்தேன். ஒரு நாள் நல்ல மழை. ஜன்னலோரமா ஒதுங்கினேன். சும்மா நிக்கிறோமேன்னு ஒரு தாள் கேட்டேன்.

மனைவி: மொத்தம் பதினோரு தாள் வாங்கினார்.

கணவர்: மழை விடலையே!

ஓட்டுநர்: ஹஹ்... ஹஹ்... கொஞ்சம் நில்லுங்க சார். இன்னும் எவ்வளவு இருக்கு?

கணவர்: இது நூத்தி எண்பது. தினமும் வர்ற ஆளுக்கே இப்படி இரைக்குதே?

மனைவி: தம்பி, ஒண்ணு கேட்கிறேன். கடைசித் திருப்பத்துக்கு அப்புறம் கைப்பிடி எந்தப் பக்கம் வரும்?

ஓட்டுநர்: கைப்பிடியா... வலது பக்கம்மா.

மனைவி: கடைசி நாப்பது படிக்குக் கைப்பிடியே கிடையாது. ரெண்டாவது மடிப்பு, ஆறாவது வரி. அந்த இடத்துல தூங்கிட்டீங்களா?

ஓட்டுநர்: அப்படியாம்மா போட்டிருக்கு?

மனைவி: நீங்க மேல வந்ததே இல்லை.

ஓட்டுநர்: அம்மா... கோவிச்சுக்காதீங்க. ஆளுங்களை இறக்கி விட்டுட்டு சீட்டைச் சாய்ச்சுப் படுத்துடுவேன். அது ஒண்ணுதான் எனக்குக் கிடைக்கிற தூக்கம். பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட ஏறலை.

கணவர்: அப்போ டீக்கடை?

ஓட்டுநர்: மலைன்னு இருந்தா மேல ஒரு டீக்கடை இருக்காதான்னு...

மனைவி: இறங்கி வர்றவங்க யாருமே கேட்டதில்லையா, ஏழாவது ஏரி எங்கேன்னு?

ஓட்டுநர்: ஏன் கேட்காம? ஆறுதான் பார்த்தோம், அஞ்சுதான் பார்த்தோம்பாங்க. "மத்தது மேகத்துக்குப் பின்னாடி இருந்திருக்கும்"பேன். "ஆமாமா, மேகமாத்தான் இருந்துச்சு"ன்னு அவங்களே சொல்லிட்டு ஏறி உட்கார்ந்துக்குவாங்க. ஒருத்தர் எட்டு பார்த்தேன்னார். அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?

கணவர்: எட்டா! பார்த்தியா, எட்டு பார்த்தவரும் இருக்கார். சராசரியாப் பார்த்தா ஏழு சரிதான்.

மனைவி: ஏரிக்குச் சராசரி எடுக்கிற முதல் ஆள் நீங்கதான். தம்பி, நான் மட்டும் யோக்கியமா? ஒரு தடவை ஒருத்தர் ஜன்னலுக்கே வந்து தாளை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார். "மழைக்காலத்துல வந்து பாருங்க"ன்னு அனுப்பி வச்சேன்.

ஓட்டுநர்: அவர் மழைக்காலத்துல வந்தாரா?

மனைவி: வரலை. ஆனா ஒவ்வொரு மழைக்காலமும் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

கணவர்: ஏம்மா, இவ்வளவு உறுத்தல் இருந்தா முன்னாடியே ஏறிப் பார்த்திருக்கலாமே?

மனைவி: நீங்க கூட்டிக்கிட்டு வரலை. எனக்கும்... தனியா வந்து எண்ணப் பயமா இருந்துச்சு. எண்ணாத வரைக்கும் ஏழா இருக்க வழி உண்டு, இல்லையா?

கணவர்: முன்னூத்தி எழுபத்திரண்டு. கைப்பிடி முடிஞ்சு போச்சு. கையைக் குடு.

மனைவி: முட்டி வலிக்காரர் எனக்குக் கை குடுக்கிறாரு பாருங்க தம்பி.

ஓட்டுநர்: வந்துட்டோமா? வந்துட்டோம்! அம்மாடி... என்ன காத்து!

கணவர்: என்னம்மா, அப்படியே நின்னுட்டே? மயக்கமா? உட்காரு, உட்காரு.

மனைவி: இல்லைங்க... இது நம்ம ஊரா? இவ்வளவு பெருசாவா இருக்கு? அந்த ஆறு இப்படி வளைஞ்சு போகுமா? 'வளைந்து செல்லும்'னு எழுதினேன்... இப்படி வளையும்னு எனக்குத் தெரியாதே.

ஓட்டுநர்: நானும்தான் தினமும் சொல்றேன். யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி இருக்கு!

மனைவி: அதோ, சிவப்பா நீளமா... ரயிலடிங்க! அதோட கோடியில சின்னதா ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். தீப்பெட்டி மாதிரி இருக்கு. அதுக்குள்ளேர்ந்துக்கிட்டா இத்தனையையும் எடுத்துச் சொன்னேன்?

ஓட்டுநர்: அம்மா, மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு.

மனைவி: ஆமாம், எண்ணணும். ஒண்ணொண்ணா எண்ணுவோம். கிழக்கேயிருந்து ஆரம்பிங்க.

ஓட்டுநர்: ஒண்ணு, அதோ பெருசு. கரையில பம்ப் வீடு.

மனைவி: ஒண்ணு.

கணவர்: தண்டவாளத்தோடயே நீளமாப் போகுதே, அது ரெண்டு.

ஓட்டுநர்: நடுவுல மரத்திட்டு இருக்கிறது மூணு. அதுக்கு அந்தப் பக்கம் நாலு, அஞ்சு.

மனைவி: அது எப்படி நாலு, அஞ்சு? நடுவுல ரோடு போகுது, அவ்வளவுதான்.

ஓட்டுநர்: ரோடு பிரிச்சுடுச்சில்ல? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.

மனைவி: ரோட்டுக்கு அடியில கண்ணு கண்ணா மதகு தெரியுது பாருங்க. தண்ணி இங்கேயும் அங்கேயும் போய் வருது. வீட்டுக்கு நடுவுல சுவர் வச்சா ரெண்டு குடும்பமா? ஒண்ணுதான். நாலு.

கணவர்: அந்த மூங்கில் தோப்புக்குப் பின்னாடி பளபளங்குது.

மனைவி: ஆமா... ஆமாங்க! சின்னது, ஆனா ஏரிதான். பறவைகூட இறங்குது. அஞ்சு!

ஓட்டுநர்: ஆறு! அதோ வடக்கே, வெள்ளையா!

கணவர்: ஆமா ஆமா, ஆறு!

மனைவி: அது மேல ஒரு லாரி நிக்குது.

ஓட்டுநர்: ஏரி மேலயா?

மனைவி: தகரக் கொட்டகைங்க அது. பக்கத்துல சுமை இறக்குறாங்க.

கணவர்: சரி, அதை விடு. மேற்கே பச்சையா ஒண்ணு இருக்கே. நல்லாத்தானே இருக்கு?

மனைவி: பாறை வெட்டின பள்ளம். நாலு மூலையும் தெரியுது பாருங்க. எந்த ஏரிக்குங்க மூலை உண்டு?

கணவர்: மூலை இருந்தா என்ன, தண்ணி இருக்குல்ல? ரோட்டு ஏரியை ரெண்டாப் பிரிச்சு, இந்தப் பள்ளத்தையும் சேர்த்துக்கிட்டா... ஏழு! கச்சிதமா ஏழு வருதே!

ஓட்டுநர்: சார் சொல்றது ரொம்ப நியாயம்மா!

மனைவி: ...வருது. ஏழு வருது.

கணவர்: அவ்வளவுதான், முடிஞ்சுது. போனைப் போடு.

மனைவி: ஜன்னல்ல ஒருத்தர் வந்து கேட்டா, பள்ளத்தைக் காட்டி ஏரின்னு சொல்வேனாங்க நான்?

கணவர்: கல்லு பேசவா போகுது?

மனைவி: படிக்கிறவங்க திரும்பி நின்னு எண்ணுவாங்க. ஏழு வராது. தன் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு இறங்குவாங்க. இத்தனை வருஷமா அத்தனை பேரை அப்படித்தான் இறக்கி விட்டிருக்கேன்.

ஓட்டுநர்: அம்மா... என் வண்டி... விடுதிப் பலகை...

மனைவி: உங்களைப் பார்த்தாலும் பாவமாத்தான் இருக்கு தம்பி. ஆனா சொல்லுங்க, நீங்களும்தானே எண்ணினீங்க. எத்தனை?

ஓட்டுநர்: ...அஞ்சு.

கணவர்: கொஞ்சம் பொறு. இப்பவே பண்ணணுமா? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

மனைவி: ஹலோ... சார், நான்தான். மேலேர்ந்து பேசுறேன். ஆமா சார், காத்து அடிக்குது... எண்ணியாச்சு. அஞ்சு. அஞ்சு சார், ஐந்து! ஏழு இல்லை... ஆமா, மூணு பேரு எண்ணினோம்... விடுதிக்காரர்கிட்ட நான் பேசுறேன் சார்... இல்லை, அந்தப் பயணி யாருன்னு தேட வேணாம். அவர் ஆயிரம் சொல்லலாம், எழுதினது என் கை. தப்பு என்னோடதுன்னே ஃபைல்ல குறிச்சுக்குங்க. சரி சார். வைக்கிறேன்.

ஓட்டுநர்: என்னம்மா சொன்னாரு? திட்டினாரா?

மனைவி: "ஐந்துன்னா வெட்டுறவருக்கு ஒரு எழுத்து கூடுதல், அதனால பரவாயில்லைம்மா"ன்னார். அப்புறம் "மேல அழகா இருக்கா?"ன்னு கேட்டார். அவரும் ஏறினதில்லையாம்.

ஓட்டுநர்: சரிதான், ஊர் முழுக்க இப்படித்தானா! அம்மா, நான் முன்னாடி இறங்குறேன். நீங்க வர்றதுக்குள்ள வண்டிக்குப் பின்னாடி அந்த 'ஏழு'ங்கிறதைச் சுரண்டி வைக்கிறேன்.

மனைவி: கோவமா தம்பி?

ஓட்டுநர்: கோவமெல்லாம் இல்லைம்மா. நாளைக்கு வர்றவங்ககிட்ட 'நானே ஏறி எண்ணினேன், அஞ்சு'ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேனே! அது சும்மாவா? மெதுவா இறங்குங்க, கைப்பிடி இல்லாத இடம் பத்திரம்.

கணவர்: ...போயிட்டாரு.

மனைவி: நாமளும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போலாங்க. ஏன் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க?

கணவர்: தப்பு உன்னோடதுன்னு எழுதச் சொல்லிட்டியே.

மனைவி: பின்னே யாரோடது?

கணவர்: என்னோடது. அந்தப் பயணி நான்தான். அப்போ உன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கடைக்கு வந்த ஒருத்தருக்காக, மியூசியம் எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு கேட்க போன் பண்ணினேன். நீ சொன்ன விதம்... மறுநாள் படகுத்துறையைப் பத்திக் கேட்டேன். அதுக்கு மறுநாள் பாலம். ஊர்ல இருக்கிறதையெல்லாம் கேட்டு முடிச்சுட்டேன். கேட்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. சரி, நாம ஏதாவது சொல்லுவோம்னு... "இப்பத்தான் மலையிலேர்ந்து இறங்கினேன் மேடம், மேல ஏழு ஏரி தெரியுது, உங்க தாள்ல போடலையே"ன்னு விட்டேன். நீ எழுதுவேன்னு நான் கண்டேனா? அடுத்த தாள்ல அச்சடிச்சு வந்துடுச்சு. அதுக்கப்புறம் எந்த வாயை வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்றது... மலைன்னாலே முட்டி வலிக்க ஆரம்பிச்சுது. திட்டிடு. நல்லாத் திட்டு.

மனைவி: நீங்க கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமைங்க.

கணவர்: கிழமையெல்லாமா ஞாபகம் வச்சிருக்கே?

மனைவி: செவ்வாய்க்கிழமை மலை வாசலைத் திறக்கவே மாட்டாங்க. அதைத் தினமும் நூறு பேருக்குச் சொல்ற பொம்பளைகிட்டயே, இப்பத்தான் இறங்கினேன்னு ஒரு ஆள் சொல்றாரு.

கணவர்: அப்போ... பொய்யின்னு அன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சுமா எழுதினே? ஏன்?

மனைவி: எழுதாம, இன்னைக்கு வாசல் பூட்டியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வெட்கப்பட்டுக்கிட்டு நீங்க மறுநாள் கூப்பிடாம இருந்திருப்பீங்களே.